70 என்ற எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

மீதி_பூஜ்யம் (இழையைத் தொடங்கியவர்):

1729-ஐப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டோம். 6174-ஐயும் விட்டுவைக்கவில்லை. 70 பக்கம் மட்டும் யாரும் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பார்வைக்கும் அப்படித்தான் இருக்கிறது. பகா எண் இல்லை, முழு வர்க்கம் இல்லை, கடைசியில் ஒரு பூஜ்யம் வேறு.

ஆனால் இதன் காரணிகளை எழுதிப் பாருங்கள். 70-ஐ விட்டுவிட்டால் 1, 2, 5, 7, 10, 14, 35. மொத்தம் 74. காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைத் தாண்டிவிடுவதால் 70 ஒரு மிகையெண். கையில் 74 இருக்கிறதே, சில காரணிகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சரியாக 70 கொண்டுவந்துவிடலாம் என்றுதான் தோன்றும். முடியாது! 70 வரவேண்டும் என்றால் 74-இலிருந்து 4 மதிப்புள்ள காரணிகளைத் தூக்க வேண்டும். 1-உம் 2-உம் சேர்ந்தால் 3. அடுத்த காரணி 5. நடுவில் இருக்கிற 4-ஐத் தொடவே வழியில்லை.

மிகையெண்ணாக இருந்தும் காரணிகளை எப்படிக் கூட்டினாலும் தன்னைத் தராத எண்களை ‘விசித்திர எண்கள்’ என்கிறார்கள். அந்த வரிசையில் முதலில் நிற்பது 70. அப்புறம் 836, 4030, 5830, 7192 என்று போகிறது. இந்த எண்ணைப் பற்றி வேறு ஏதாவது தெரிந்தவர்கள் கொட்டுங்கள்.

கடைசிபெஞ்ச்:

அண்ணே, 12-உம் மிகையெண்தானே? 1+2+3+4+6 = 16. அது ஏன் முதலாவது இல்லை?

மீதி_பூஜ்யம்:

2+4+6 = 12. வந்துவிட்டதே. மிகையாக இருப்பது மட்டும் போதாது தம்பி, எப்படிப் பொறுக்கினாலும் வரக்கூடாது.

கணக்குவாத்தியார்:

70-க்கு முன்னால் வேறு விசித்திர எண் இல்லை என்பதைக் கணினி இல்லாமலே காட்டிவிடலாம். 70-க்குக் கீழே உள்ள மிகையெண்கள்: 12, 18, 20, 24, 30, 36, 40, 42, 48, 54, 56, 60, 66. இவற்றில் பெரும்பாலானவை 6-இன் மடங்குகள். 6-இன் மடங்கு எதுவாக இருந்தாலும் அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு ஆகிய மூன்றும் காரணிகளாக இருக்கும், மூன்றையும் கூட்டினால் முழு எண் வந்துவிடும். 42 என்றால் 21+14+7. ஆக 6-இன் மடங்கு ஒருநாளும் விசித்திர எண் ஆகாது. மிச்சம் 20, 40, 56 மட்டும். 20 = 10+5+4+1. அதையே இரட்டித்தால் 40 கிடைக்கும். 56 என்பது 28-இன் இரட்டிப்பு. 28 ஒரு நிறைவெண், அதாவது காரணிகளின் கூட்டல் அதே எண்: 1+2+4+7+14. அதையும் இரட்டித்துக்கொள்ளலாம். வேலை முடிந்தது.

70 தப்பிப்பதற்குக் காரணமும் இதிலேயே தெரிகிறது. அது 6, 20, 28 எதனுடைய மடங்கும் இல்லை.

நிரல்நெசவாளி:

எல்லாரும் இரட்டை எண்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒற்றை எண்களுக்கு ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். 945 ஒரு விசித்திர எண் என்று சொல்கிறது! காரணிகளின் கூட்டல் 975, மிகை 30. 945-க்கு 30 என்ற காரணி கிடையாது. சரிதானே?

தாமரைஇலை:

சரியில்லை. 30-ஐ ஒரே காரணியாகத்தான் தூக்க வேண்டும் என்று யார் சொன்னது? 27-ஐயும் 3-ஐயும் தூக்குங்கள், மிச்சம் 945. உங்கள் நிரலை 30-க்கு ஓட்டிப் பாருங்கள், அதையும் விசித்திர எண் என்றுதான் சொல்லும். அங்கே மிகை 12, அது 30-இன் காரணி இல்லை. ஆனால் 10-ஐயும் 2-ஐயும் தூக்கினால் 1+3+5+6+15 = 30.

நிரல்நெசவாளி:

ஐயோ. ஒரு காரணியை நீக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டேன். எல்லா உட்கணங்களையும் பார்க்க வேண்டும். மாற்றி ஓட்டிவிட்டேன், ஒற்றை எண் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

தாமரைஇலை:

சிக்கியிருந்தால் நீங்கள் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஒற்றை விசித்திர எண் உண்டா என்பது இன்றுவரை திறந்த கேள்வி. 10-இன் 21-ஆம் அடுக்கு வரை தேடியாயிற்று, ஒன்றும் இல்லை. ஒன்றைக் கொண்டுவருபவருக்கு 10 டாலர், இல்லவே இல்லை என்று நிரூபிப்பவருக்கு 25 டாலர் என்று கணித மேதை பால் எர்டோஷ் அறிவித்திருந்தார். தொகையைப் பார்த்துக் கேள்வி சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இரட்டை எண்களில் பஞ்சமே இல்லை, 70-ஐ வைத்தே முடிவில்லாமல் செய்யலாம். 149 அல்லது அதைவிடப் பெரிய எந்தப் பகா எண்ணையும் எடுத்து 70-ஆல் பெருக்குங்கள், வருவது விசித்திர எண். நிரூபணம் நாலு வரிதான். பகா எண்ணைப் ‘ப’ என்போம். 70ப-வின் காரணிகள் இரண்டு வகை: 70-இன் காரணிகள், அவற்றின் ப மடங்குகள். முதல் வகை முழுவதையும், 70-ஐயும் சேர்த்து, கூட்டினாலும் 144-தான். கூட்டல் 70ப வரவேண்டும் என்றால் முதல் வகையிலிருந்து எடுத்த பங்கு ப-வின் மடங்காக இருக்க வேண்டும். ஆனால் அது 144-ஐத் தாண்டாது, ப-வோ 144-ஐவிடப் பெரியது. ஆக அந்தப் பங்கு பூஜ்யம். மிச்சமுள்ளதை ப-வால் வகுத்தால், 70-ஐ அதன் காரணிகளால் கூட்டிவிட்டோம் என்று ஆகிவிடும். அது முடியாது என்று மேலேயே பார்த்தாயிற்று. 144-க்கு அடுத்த பகா எண் 149, அதனால் 70 × 149 = 10430-இலிருந்து தொடங்கலாம்.

கடைசிபெஞ்ச்:

அக்கா, இது எனக்கே புரிந்துவிட்டது. ஆச்சரியம்தான்.

ஐந்தாம்அடுக்கு:

ஒரு சின்ன ஆட்சேபம். ‘விசித்திர எண்’ என்பதைவிட ‘விந்தை எண்’ நன்றாக இல்லையா?

மீதி_பூஜ்யம்:

அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

சந்தேகப்பிராணி:

கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். எந்தச் சின்ன எண்ணை எடுத்தாலும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சின்ன எண்கள் சொற்பம், அவற்றிடம் நாம் கேட்கிற வேலைகளோ ஏராளம். கணிதவியலாளர் ரிச்சர்ட் கை 1988-இல் இதற்கென்றே கட்டுரை எழுதி, ‘சிறிய எண்களின் வலுவான விதி’ என்று பெயரும் வைத்தார். உங்களுக்கு முன்னால் நானே அடுக்கிவிடுகிறேன்: 70 ஓர் ஐங்கோண எண் (புள்ளிகளை ஐங்கோணமாக அடுக்கினால் வருகிற எண்). எட்டுப் பொருள்களில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். பாஸ்கல் முக்கோணத்தில் 1, 4, 6, 4, 1 என்ற வரிசையின் வர்க்கங்களைக் கூட்டினாலும் 1+16+36+16+1 = 70. அதனால் என்ன? 66-க்கும் 78-க்கும் இதே மாதிரிப் பட்டியல் போடலாம். எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிற சமாச்சாரங்கள் பத்தடிமானத்தின் (பத்து இலக்கங்களை வைத்து எண்களை எழுதுகிற முறையின்) விளையாட்டு, அவை பேச்சுக்கே வேண்டாம்.

ஒரு பண்பு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தால் நம்புகிறேன். உதிரி உதிரியாக நாற்பது பண்புகளைக் கொண்டுவந்தால் மாட்டேன்.

மீதி_பூஜ்யம்:

சரி, இதை உதிரி என்று சொல்லுங்கள் பார்க்கலாம். 1² + 2² + 3² + … + 24² = 4900 = 70².

பீரங்கிக் குண்டுகளைச் சதுர அடித்தளம் வைத்துப் பிரமிடாக அடுக்குகிறீர்கள். உச்சியில் 1, அதன் கீழே 4, அதன் கீழே 9. 24 அடுக்குக்கு 4900 குண்டு. அவ்வளவையும் தரையில் பரப்பினால் 70-க்கு 70 என்று முழுச் சதுரமாக உட்காரும். ஒரே ஒரு குண்டை அடுக்கு என்று எண்ணிக்கொள்கிற அற்ப வழியை விட்டால், இப்படி நடப்பது 24 அடுக்கில் மட்டும்தான். பத்தாயிரம் அடுக்குக்குப் போனாலும் வராது, கோடிக்குப் போனாலும் வராது. எடுவார் லூக்கா 1875-இல் எழுப்பிய கேள்வி இது. ஓட்டையில்லாத நிரூபணம் வாட்சன் என்ற கணிதவியலாளரிடமிருந்து 1918-இல்தான் வந்தது. அவர் நீள்வட்டச் சார்புகள் என்ற கனமான கருவியைக் கொண்டுவந்து சாதித்தார். எளிய முறை நிரூபணங்கள் வர 1980-கள் ஆகிவிட்டன.

இது பத்தடிமானமும் இல்லை, சின்ன எண்களின் விதியும் இல்லை. எல்லா முழு எண்களிலும் இது ஒன்றுதான்.

கணக்குவாத்தியார்:

சூத்திரத்தை வைத்து அந்த 70 எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள், அழகாக இருக்கும். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 24 × 25 × 49 ÷ 6. முதலில் 24-ஐ 6-ஆல் வகுத்துவிடுங்கள்: 4 × 25 × 49. மூன்றும் வர்க்கங்கள், 2², 5², 7². ஆக விடை 2 × 5 × 7 = 70. அதன் மூன்று பகாக் காரணிகளும் ஆளுக்கொரு இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நிரல்நெசவாளி:

இதில் ஒரு கொசுறு. பரப்பளவு சரியாக இருப்பதால், 1×1 முதல் 24×24 வரையான சதுரத் துண்டுகளை 70×70 சதுரத்துக்குள் இடைவெளியின்றி அடைக்கலாமே என்று தோன்றும். முடியாது. 1975 வாக்கிலேயே கணினியை வைத்து எல்லா வழிகளையும் பார்த்து முடித்துவிட்டார்கள். 7×7 துண்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்ற 23-ஐயும் அடைத்த அமைப்பு ஒன்று உண்டு.

சந்தேகப்பிராணி:

பீரங்கிக் குண்டை ஒப்புக்கொள்கிறேன், அது கனமான விஷயம்தான். ஆனால் அதற்கும் விசித்திர எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் யாராவது ஏ4 தாளைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறீர்கள், எனக்குத் தெரியும்.

கடைசிபெஞ்ச்:

ஏ4 தாளில் என்ன இருக்கிறது?

சந்தேகப்பிராணி:

தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். இரண்டையும் 3-ஆல் வகுத்துப் பார். 70, 99. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் √2 ஆக இருக்க வேண்டும், அப்போதுதான் பாதியாக மடித்தாலும் அதே வடிவம் கிடைக்கும். 99/70 = 1.414285…, √2 = 1.414213… அவ்வளவு பக்கம். ஆனால் 210-ஐ √2-ஆல் பெருக்கினால் 296.98 வருகிறது, தாளின் அளவோ முழு மில்லிமீட்டரில் 297. மில்லிமீட்டர் என்ற அளவு நாம் வைத்துக்கொண்டது. அங்கே 70 வந்தது தற்செயல்.

தாமரைஇலை:

தாளில் வந்தது தற்செயல். 99/70 வந்தது தற்செயல் இல்லை. ஒரு பண்பு இன்னொன்றை இழுத்து வரவேண்டும் என்று கேட்டீர்களே, இந்தாருங்கள்.

99² = 9801. 70²-இன் இரட்டிப்பு 9800. வித்தியாசம் 1. பின்னம் √2-க்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். சரி, இந்த 99-உம் 70-உம் எங்கிருந்து வந்தன? 7² = 49. 5²-இன் இரட்டிப்பு 50. இங்கேயும் வித்தியாசம் 1, ஆனால் மறுபக்கமாக. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய ‘பாவனை’ என்ற விதிப்படி இப்படிப்பட்ட ஜோடியைத் தன்னோடே பெருக்கி அடுத்த ஜோடியைச் செய்யலாம். (7, 5) என்ற ஜோடியைத் தன்னோடு பெருக்கினால் முதல் எண் 49 + 50 = 99, இரண்டாவது 2 × 7 × 5 = 70.

இப்போது வாத்தியார் சார் எழுதியதை மறுபடி படியுங்கள். பீரங்கிக் கணக்கில் 25 × 49 வருகிறது. அதே 5², அதே 7². அடுக்கு எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் 25, இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 49. இரண்டும் வர்க்கமாக இருக்க வேண்டும் என்று கேட்பதும், ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தின் இரட்டிப்பைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் ஒன்றேதான். ஆக √2-உம் பீரங்கிக் குண்டும் இரண்டு பண்புகள் இல்லை. 49-உம் 50-உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அதிலிருந்துதான் இரண்டும் கிளைத்தன.

இன்னும் ஒன்று. 50 பொருள்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 50 × 49 ÷ 2 = 1225 = 35². மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 19600 = 140². நான்கு அல்லது அதற்கு மேல் தேர்ந்தெடுத்தால் (மொத்தத்தில் பாதியைத் தாண்டாதவரை) விடை முழு வர்க்கமாகவோ கனமாகவோ வேறு எந்த முழு அடுக்காகவோ வரவே வராது என்று அதே எர்டோஷ் 1951-இல் நிரூபித்தார். மூன்றுக்கு வருவது இந்த 140² மட்டும். 35, 70, 140 எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 19600 என்பது 4900-இன் நான்கு மடங்கு, பீரங்கிக் கணக்கின் சூத்திரமே இந்தத் தேர்வுகளின் கால்வாசிதான்.

சந்தேகப்பிராணி:

இது பண்பு. இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் ஒரு கேள்வி: (7, 5)-க்கு அப்புறமும் இப்படிப்பட்ட ஜோடிகள் முடிவில்லாமல் வருமே, (41, 29), (239, 169) என்று. அங்கே ஏன் பீரங்கிக் குண்டு அடுக்கவில்லை?

நிரல்நெசவாளி:

போட்டுப் பார்த்தேன், இந்த முறை நிரலில் பிழை இல்லை. 29² = 841, அதனால் அடுக்கு 840. இதை 6-ஆல் வகுத்தால் 140, வர்க்கம் இல்லை. காலி. அடுத்தது 169² = 28561, அடுக்கு 28560. 6-ஆல் வகுத்தால் 4760. 69² எவ்வளவு தெரியுமா? 4761! ஒன்றில் தப்பிவிட்டது. பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

24-இல் மட்டும் மூன்றாவது கதவும் திறந்திருக்கிறது: 24 ÷ 6 = 4.

வானவில்:

இந்த இழை லீச் பின்னலைத் தொடாமல் முடிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். பின்னல் என்றால் வெளியெங்கும் ஒரே ஒழுங்கில் பரவியிருக்கிற புள்ளிகளின் அமைப்பு. 24 பரிமாண வெளியில் ஒரே அளவுக் கோளங்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை, ஜான் லீச் 1967-இல் எழுதிய அமைப்பு. அதில் ஒவ்வொரு கோளத்தையும் 196560 கோளங்கள் தொட்டுக்கொண்டிருக்கும். இதைவிட நெருக்கமான அடுக்கு இல்லை என்று 2016-இல் மரினா வியாசோவ்ஸ்காவும் நான்கு பேரும் சேர்ந்து நிரூபித்தார்கள். 2022-இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இதில் 70-க்கு என்ன வேலை? அந்தப் பின்னலைக் கட்ட ஒரு சுருக்கு வழி இருக்கிறது. 26 பரிமாணத்தில், கடைசி ஒன்றை மட்டும் கழித்தல் குறியோடு எண்ணுகிற ஒரு வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் (0, 1, 2, 3, …, 24, 70) என்ற திசையன். அதன் ‘நீளத்தின் வர்க்கம்’ 0² + 1² + … + 24² − 70². அதாவது பூஜ்யம். பூஜ்ய நீளமுள்ள இந்தத் திசையனுக்குச் செங்குத்தானவற்றை எல்லாம் எடுத்து, அதன் மடங்குகளை ஒன்றாகப் பாவித்துச் சுருக்கினால் லீச் பின்னல் வந்து நிற்கிறது. லூக்கா பீரங்கிக் குண்டை எண்ணிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் யார் கண்டார்கள்?

மீதி_பூஜ்யம்:

இதை எதிர்பார்க்கவே இல்லை. இழையை மேலே ஒட்டிவைக்கச் சொல்லி நிர்வாகியிடம் கேட்கப்போகிறேன்.

சந்தேகப்பிராணி:

குண்டு, √2, பின்னல் மூன்றும் ஒரே கயிற்றில் கோத்தவை என்று ஏற்றுக்கொள்கிறேன். விசித்திர எண் மட்டும் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. சோதித்தும் பார்த்தேன். அதே ஜோடி வரிசையில் 70-க்கு அடுத்து வருவது 2 × 29 × 41 = 2378. அதன் காரணிகளின் கூட்டல், அதை விட்டுவிட்டு, 3780 − 2378 = 1402. மிகையெண்கூட இல்லை, அப்புறம் எங்கே விசித்திரம்? ஆக அந்தப் பண்பு 70-க்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. அங்கே என் பழைய கருத்தில் மாற்றமில்லை.

தாமரைஇலை:

அது நியாயம். இரண்டையும் இணைக்கிற வழி எனக்கும் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:

நான் வேறு ஒன்று செய்துகொண்டிருந்தேன், சொல்லலாமா? முதல் பதிவில் இருந்த மற்ற விசித்திர எண்களைக் கையால் போட்டுப் பார்த்தேன். 836-இன் காரணிகள் 1, 2, 4, 11, 19, 22, 38, 44, 76, 209, 418. கூட்டல் 844, மிகை 8. 1+2+4 = 7, அடுத்தது 11. எட்டு வராது.

4030-க்குக் கூட்டல் 4034, மிகை 4. காரணிகள் 1, 2, 5 என்று தொடங்குகின்றன. இது 70-இல் பார்த்த அதே ஓட்டை! 5830-க்கு 5834, மறுபடியும் 4, மறுபடியும் 1, 2, 5. 7192-க்கு மிகை 16. அங்கே 1+2+4+8 = 15, அடுத்த காரணி 29. இது 836-இன் அண்ணன் மாதிரி இருக்கிறது.

கணக்குவாத்தியார்:

தம்பி, 7912-ஐயும் போட்டுப் பார். 8 × 23 × 43.

கடைசிபெஞ்ச்:

7928 வருகிறது சார். மிகை 16. பதினைந்துக்கு அப்புறம் 23.